ஒன்பதாவது கை

எங்கள் வீட்டில் சாமி படம் போடுவது மூன்று பேர் வேலை. முகமும் வாகனமும் அண்ணன். புடவை, நகை, மாலை எல்லாம் அண்ணி. கையும் கையில் இருப்பதும் நான். கால் யாருக்கும் சொந்தமில்லை. யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் போடுவார்கள். அதனால்தான் எங்கள் படங்களில் பாதி அம்மன்களுக்குப் பாதம் புடவைக் கரைக்குள் மறைந்திருக்கும்.

மனிதர்களை வரைகிறவர்களுக்கு இரண்டு கையோடு கதை முடிந்தது. எங்களுக்கு நாலு, ஆறு, எட்டு என்று போகும். சக்கரத்தை விரல் நுனியில் நிற்க வைக்க வேண்டும், பிடிக்கக் கூடாது. சங்கு இடக்கையில் வர வேண்டும், அதை ஊதுவதாகக் காட்டக் கூடாது. வாள் இருந்தால் எதிர்ப்பக்கம் கேடயம், அம்பு இருந்தால் எதிர்ப்பக்கம் வில். இத்தனை கையும் வேலையாக இருக்கும்போது முன் வலக்கை மட்டும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். அபயம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் பயப்படாதே கை என்போம். எட்டில் அதுதான் கஷ்டமான கை. ஆயுதம் இருந்தால் விரலில் வந்த தப்பை அதன் பின்னால் ஒளித்துவிடலாம். வெறும் கையில் ஒளிக்க இடம் கிடையாது.

எட்டுக் கையும் உடம்பில் எங்கிருந்து கிளம்புகிறது என்று இதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. அதற்குக் காரணம் அண்ணி. தோளில் அவள் போடும் மாலை அப்படி. ஒட்டு, கிளை எல்லாம் பூவுக்குள் போய்விடும். அவள் மாலை இல்லாவிட்டால் நான் போடுவது விறகுக் கட்டு.

பயப்படாதே கைக்கு ஒரு முறை வைத்திருந்தோம். கையை நான் முடிப்பேன். "அண்ணி, கை ரெடி" என்று குரல் கொடுப்பேன். அண்ணி சின்னத் தூரிகையோடு வந்து உள்ளங்கை நடுவில் சிவப்புப் பொட்டு வைப்பாள். அந்தப் பொட்டு விழுந்தால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு. அண்ணன் அதற்கு முன்பே கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, தானே படத்தை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான். நாங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

எனக்கு மாதிரி என் இடக்கைதான். வலக்கையில் தூரிகை இருக்கும்போது வேறு எந்தக் கையைப் பார்த்து வரைவது? இடக்கை வேண்டுமென்றால் நேராகப் பார்ப்பேன், வலக்கை வேண்டுமென்றால் கண்ணாடியில் பார்ப்பேன். என் இடக்கைச் சுண்டுவிரல் கோணல். நான் புருஷன் வீட்டை விட்டு வந்த அன்று கதவில் மாட்டிய விரல் அது. கதவைச் சாத்தியது யார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். வீங்கின கையோடு இங்கே வந்து நின்றேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பழைய தூரிகையை ஒடித்து, குச்சியை விரலோடு சேர்த்து வைத்து, புடவைக் கிழிசலால் கட்டுப் போட்டாள். நல்ல மனசோடு போட்ட கட்டு. விரல் மட்டும் கோணலாகச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் போட்ட எல்லாத் தெய்வத்துக்கும் சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே போகும். யாரும் கவனித்ததில்லை. கும்பிடுகிறவர்கள் விரலைப் பார்ப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மா வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற கூடத்துக்குச் சுவர் நிறைய எட்டுக் கை அம்மன் வேண்டும் என்றார்.

"உள்ளே வர்றவங்க எல்லாம் பயந்துக்கிட்டே வர்றாங்க. அந்தப் பயப்படாதேன்னு சொல்ற கை நல்லாத் தெரியணும். ஆயுதம் கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும். கூர்மையா எதையும் பார்த்தா பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க."

"கை இவதான் போடுவா டாக்டரம்மா" என்றாள் அண்ணி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாச் சாமிக்கும் இவ கைதான். அந்தக் கோணச் சுண்டுவிரலைக் கூட விடமாட்டா. ஊர்ல எத்தனை வீட்டுப் பூஜை ரூம்ல இது தொங்குது தெரியுமா."

டாக்டரம்மா சிரித்தார். என் கையைப் பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது அங்கேயும் நிற்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். "கட்டுப் போட்டது யாரு? ஒழுங்கா ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா விரல் நேரா இருந்திருக்கும்."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டேன். அண்ணி முகம் செத்துப்போயிற்று. டாக்டரம்மா முன்னால் ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. முதலில் யார் பேசுவது என்பதில் இரண்டு பேருக்கும் நல்ல பயிற்சி இருந்தது.

படம் மூன்று பலகை. நடுவில் உடம்பும் முகமும் சிங்கமும். இரண்டு பக்கப் பலகையிலும் கைகள். சண்டைக்கு முன்பே நடுப்பலகையில் இடுப்பில் ஊன்றிய இடக்கையை முடித்திருந்தேன். பயப்படாதே கைக்கு அண்ணன் கரியால் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருந்தான். நான் பக்கப் பலகை இரண்டையும் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டேன். நடுப்பலகை கீழே, அண்ணியிடம். நடுவில் மாடிப்படி. மாடிப்படியில் அண்ணன்.

அண்ணன் நல்லவன். முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டான் என்பது ஒன்றுதான் குறை. வீட்டுக்கே புதுச் சுண்ணாம்பு அடித்தாலும் தெரியாது, யாராவது புருவத்தைத் திருத்தினால் உடனே தெரியும். அவன்தான் தூது.

"அண்ணா, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. காலையில பாத்திரம் தேய்க்கிற சத்தத்துல வீடே இடியுது, கை வேலை செய்யறவ ஒருத்தி மேல இருக்கான்னு சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டுப் போவான். மறுநாள் சத்தமே இருக்காது. எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அண்ணியிடமிருந்தும் பதில் வரும். "சிவப்புச் சாயம் கீழே இருக்கு, வேணும்னா எடுத்துக்கச் சொன்னா" என்பான். அண்ணி அப்படிச் சொல்கிறவள்தான். எனவே நான் சந்தேகப்படவில்லை. நேரில் மட்டும் என்னைக் கண்டால் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு நாள் அண்ணன் தூதாக வரவில்லை, தன் சேதியோடு வந்தான். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

"எங்க பையன் அவன் இருக்கிற ஊருக்கு ரொம்ப நாளா கூப்பிடறான்ல. இந்தப் படம் முடிஞ்சதும் அவனோட போய் இருந்துடலாம்னு சொல்றா."

"யாரு?"

"உன் அண்ணி."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது. அவ இல்லாம நான் இங்க என்ன பண்ணப் போறேன்." பிறகு, "நீ ஒருத்தியா இருந்துக்குவே இல்ல?" என்றான்.

இருந்துக்குவேன் என்றேன். அவன் போனதும் கேடயத்துக்கு இரண்டு முறை வண்ணம் பூசினேன், ஒருமுறையே போதும். எனக்கு இருக்க இடம் இல்லை என்பது இல்லை, இந்த வீட்டிலேயே இருக்கலாம். வீடு முழுக்கக் கையாகப் போட்டு வைக்கலாம். முகமும் மாலையும் இல்லாத கையை யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம். உண்மையில் நான் யோசித்தது வியாபாரத்தை அல்ல. கதவைத் தட்டின அன்று ஒன்றும் கேட்காமல் தூரிகையை ஒடித்தவள் போகப் போகிறாள் என்பதைத்தான். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். என் வாய்க்கு எதிர்ப்பேச்சுதான் வரும்.

பயப்படாதே கை மட்டும் பாக்கி. அதைப் போட வேண்டுமென்றால் கீழே போய், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்ததும் அண்ணி கை ரெடி என்று சொல்ல வேண்டும். போயிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். அதனால்தான் நான் போகவில்லை. வலது பக்கப் பலகையில் சக்கரம், வாள், அம்புக்குக் கீழே இடம் இருந்தது. நாலாவது கையாக அதை அங்கேயே போட்டுவிட்டேன். தோளை எப்படியும் மாலை மறைக்கும். என் கையையும் பார்க்கவில்லை. சுவர் அளவு எடுக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் தூரிகை வைக்க ஒரு காலி அட்டைப்பெட்டி வாங்கி வந்திருந்தேன், கையுறை வந்த பெட்டி. அதில் போட்டிருந்த கையைப் பார்த்துப் போட்டேன். விரல்கள் வேலிக்கம்பி போல நேராக வந்தன. கோணல் என்று இனி ஒருத்தி சொல்ல முடியாது.

அண்ணனைக் கூப்பிட்டேன். "நடுப்பலகை எனக்கு வேண்டாம்னு சொல்லு. அதை அவங்களே வச்சுக்கட்டும். அந்தக் கைக்காக நான் யார் வாசல்லயும் போய் நிக்கப் போறதில்லை."

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு இறங்கிப் போனான்.

வழக்கமாகப் பலகைகளை வீட்டிலேயே சேர்த்துவைத்துப் பார்ப்போம். அதற்கு நாங்கள் இருவரும் ஒரே அறையில் நிற்க வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டோம். நான் என் பலகைகளைத் துணி சுற்றிக் கட்டினேன். அண்ணி தன் பலகையைத் துணி சுற்றிக் கட்டினாள். வண்டியில் மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமல் போயின. நாங்களும் அப்படியே போனோம்.

டாக்டரம்மாவின் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி, மேஜைமேல் சிரிக்கிற ஒரு பல்செட். கன்னம் வீங்கின ஒருவர் மட்டும் துண்டால் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து இயந்திரம் குடையும் சத்தம் வந்தது. அண்ணன் பலகைகளைச் சுவரில் ஏற்றித் திருகாணி முடுக்கினான். துணியைப் பிரித்தான். பின்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டான்.

நான் நடுப்பலகையைப் பார்த்தேன். அங்கே ஒரு பயப்படாதே கை இருந்தது. என்னுடையதல்லாத பயப்படாதே கை. சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்குள் சொன்னது போதாதென்று, போகிற போக்கில் ஊர் பார்க்கிற சுவரில் என் விரலை வரைந்து கேலி செய்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அண்ணியும் என் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகமும் நன்றாக இல்லை.

உள்ளே சத்தம் நின்றது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "அழகு" என்றார். அவர் எண்ணிப் பழகினவர். பேனாவை எடுத்து, மேல் வலது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். முடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினார்.

"ஒன்பது இருக்கே."

அண்ணன் திரும்பி முதல்முறையாகக் கைகளைப் பார்த்தான்.

"சாமிக்கு ஒரு கை கூட இருந்தா நமக்கு நல்லதுதானே" என்றார் கன்னம் வீங்கினவர், துண்டுக்குள்ளிருந்து. அண்ணன் அவரை நன்றியோடு பார்த்தான்.

"வாயில ஒரு பல் கூட இருந்தா நல்லதுன்னு நான் விட்டுடறதில்லை" என்றார் டாக்டரம்மா. "ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் அஞ்சு. ரெண்டு கை பயப்படாதேங்குது. ஒரு தடவை சொன்னா தைரியம் வரும். ரெண்டு தடவை சொன்னா என்னமோ இருக்குன்னுதான் தோணும். எப்படி இது?"

நான் அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணா, கேளு. கை போடறது யார் வேலைன்னு கேளு. கேலி பண்ண வேற இடமே கிடைக்கலையான்னு கேளு."

அண்ணியும் அவனைப் பார்த்தே சொன்னாள்: "என்னங்க, அவதானே போடச் சொன்னா. போடச் சொல்லிட்டு, நம்பிக்கை இல்லாம தானும் ஒண்ணு போட்டு வச்சிருக்காளே, அதைக் கேளுங்க."

"நான் போடச் சொன்னேனா?"

"நீதான்." சண்டைக்குப் பிறகு அவள் நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. "முன் கையை நீங்களே போடுங்க, உங்களைத் தவிர வேற யாரையும் நம்ப மாட்டேன்னு சொன்னியாம். உங்கண்ணன் வந்து சொன்னாரு. நான் என்னைக்குக் கை போட்டிருக்கேன்?"

நாங்கள் இருவரும் அண்ணனைத் தேடினோம். அவன் மீன் தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து நின்றிருந்தான். மீன்களுக்கு முகம் இருக்கிறது அல்லவா.

"பாத்திரம் தேய்க்கிறதைப் பத்தி நான் என்ன சொன்னேனாம்?" என்று கேட்டேன்.

"என் கை வலிக்கும், மெல்லத் தேய்க்கச் சொன்னியாம்."

"சிவப்புச் சாயம் எடுத்துக்கச் சொன்னீங்களே?"

"இருக்கிற சாயத்தையெல்லாம் மேல தூக்கிட்டுப் போறதுக்குள்ள கதவைப் பூட்டுங்கன்னு சொன்னேன்." அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆள் மூலமா இவ்வளவு இதமாப் பேசத் தெரிஞ்சவ, நேர்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாளேன்னுதான் எனக்கு ஆத்திரம். அதனாலதான் கிளம்பறேன்னேன்."

அண்ணன் மீனிடமிருந்து திரும்பாமலே சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லியிருந்தா, இவ என்னைக்கோ போயிருப்பா."

அதில் உண்மை இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான், ஆனால் அவன் பிடிக்கப் போனது பிள்ளையார்தான்.

டாக்டரம்மாவுக்காக உள்ளே ஒருவர் காத்திருந்தார். "சரி, எதைப் பிடுங்கறது?" என்றார். பேனாவை நடுப்பலகையில் வைத்தார். "ஓரத்துல இருக்கிறது நல்லா நேரா இருக்கு. என் கையுறை டப்பாவுல போட்டிருக்கிற கை மாதிரியே இருக்கு. இது விரல் கோணலா இருக்கு. இதை எடுத்துடுங்க."

அண்ணி எழுந்தாள். "ஆமா, அதை எடுத்துடலாம். எனக்குக் கை வராது. பார்த்துப் போட எனக்கு வேற கை ஏது? அந்த ஒரு கைதான் தெரியும். கட்டைப் பிரிச்ச அன்னைக்கிலிருந்து அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். தினம் பார்க்கிறப்பெல்லாம் நான்தான் கெடுத்தேன்னு தோணும். அதைத்தான் அன்னைக்கு டாக்டரம்மா முன்னாடி விளையாட்டாச் சொல்லப் போய்..."

நான் கிட்டே போய் அந்தக் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் கொஞ்சம் குட்டை. மணிக்கட்டு தடிமன். உள்ளங்கை ரேகை மூன்றும் சரியான இடத்தில் இருந்தன. கண்ணாடியில் பார்க்கிற என் இடக்கை. நான் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன், என் கையை இத்தனை பிரியமாகப் போட்டதில்லை. அழுகை வந்தது. கன்னம் வீங்கினவர் எனக்கும் பல்வலி என்று நினைத்துத் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"இது இருக்கட்டும் டாக்டரம்மா" என்றேன். "அதை எடுத்துடறேன். அது யார் கைன்னே தெரியாது."

"விரல்?"

"அது அப்படித்தான். எங்க சாமிக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

டாக்டரம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். "வலிக்கலைன்னா கோணல் பல்லைக்கூட நான் தொடறதில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெட்டியிலிருந்து வான நீலத்தை எடுத்து, பக்கப் பலகையில் இருந்த நேரான கையை மூடினேன். முதலில் விரல்கள் போயின, பிறகு உள்ளங்கை. ஒரு பூச்சிலேயே மறைந்துவிட்டது. அண்ணன் வந்து எண்ணிப் பார்த்தான், எட்டு என்றான், தானே கண்டுபிடித்த மாதிரி.

நடுப்பலகையில் கோணச் சுண்டுவிரல் கை இன்னும் வெறும் உள்ளங்கையோடு நின்றது. நான் தூரிகையைத் துடைத்தேன்.

"அண்ணி, கை ரெடி."

அண்ணி உடனே வரவில்லை. மூக்கைச் சிந்தினாள். சின்னத் தூரிகையைத் தேடி எடுத்தாள். சிவப்பை இரண்டு முறை கலக்கினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி, உள்ளங்கை நடுவில் பொட்டு வைத்தாள்.

"சுண்டுவிரல் சரியா வந்திருக்கா?" என்றாள், படத்தைப் பார்த்தபடியே.

"வந்திருக்கு. நீங்க அன்னைக்குக் கட்டுப் போட்ட மாதிரியே."

உள்ளே மறுபடியும் இயந்திரம் குடைந்து ஓய்ந்தது. டாக்டரம்மாவின் உதவியாள் எட்டிப் பார்த்துக் கன்னம் வீங்கினவரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்தார், கையைப் பார்த்தார், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வண்டியில் ஏறும்போது அண்ணி அண்ணனிடம் சொன்னாள்: "பையன்கிட்ட சொல்லிடுங்க, வரலைன்னு."

"என்ன காரணம் சொல்றது?"

"இவ ஒருத்தியா இருக்க மாட்டா, நானும் இவளை விட்டுட்டு இருக்க மாட்டேன், அதான் வரலைன்னு சொல்லுங்க." பிறகு அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேண்டாம், போனைக் குடுங்க. நானே சொல்லிக்கிறேன்."